சமையலறை ஜன்னலில் ஒரு குட்டி டவர்

நியூ ஜெர்சியில் மகள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. பனிக்காலத்தில் வெளியே விட்டால் ஒரே ராத்திரியில் கருகிவிடும் என்பதால் அக்டோபரிலேயே அது உள்ளே வந்துவிடும். போன ஜனவரியில் அதன் பக்கத்தில் இன்னொன்றும் குடியேறியது. ஒரு தடித்த புத்தகம் அளவுக்கு வெள்ளைப் பெட்டி, முன்பக்கம் நான்கு விளக்குகள். வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எட்டாதவர்களுக்கு செல் கம்பெனி தரும் பெட்டி அது. பிராட்பேண்ட் கேபிளைச் செருகினால் வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி டவராக நிற்கும். ஆனால் எங்கள் வீட்டில் அது முழுதாக வேலை செய்ய மூன்று நாள் பிடித்தது.

முதலில் அதை பேஸ்மென்ட்டில், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மகள் உட்கார்ந்து வேலை பார்ப்பது அங்கேதான், சிக்னல் சுத்தமாக இல்லாததும் அங்கேதான். இரண்டு விளக்குகள் நின்று எரிந்தன. மூன்றாவது மினுக்கிக்கொண்டே இருந்தது. நான்காவது எரியவே இல்லை. மாப்பிள்ளை பிளக்கைப் பிடுங்குவதும் செருகுவதுமாக அரை நாள் போராடிவிட்டு, "மாமா, பெட்டியே கோளாறுன்னு நினைக்கிறேன். திருப்பி அனுப்பிடலாம்" என்றார்.

"மூணாவது விளக்குக்கு அடியில என்ன எழுதியிருக்கு பாருங்க, மாப்பிள்ளை."

குனிந்து பார்த்தார். ஜிபிஎஸ் என்று இருந்தது.

தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளில் முப்பது வருடம் ஓட்டியவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சோறு வேகவில்லை என்றால் யாரும் குக்கரைக் கடையில் திருப்பிக் கொடுப்பதில்லை. கேஸ் இருக்கிறதா, தண்ணீர் போதுமா, கேஸ்கட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இந்தப் பெட்டியும் அப்படித்தான் பார்க்க வேண்டியது. அந்த நான்கு விளக்குகளும் சமையலின் நான்கு கட்டங்கள். எங்கே நின்றுபோனதோ அங்கேதான் கைவைக்க வேண்டும். நிறமும் பெயரும் பெட்டிக்குப் பெட்டி மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது. மின்சாரம், இணையம், இடமும் நேரமும், கடைசியாகக் கம்பெனியோடு தொடர்பு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'சிக்னல் பூஸ்டர்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு சாமான்கள் விற்கிறார்கள். ஒன்று ரிப்பீட்டர். கூரையில் ஒரு ஆன்டெனா, வீட்டுக்குள் ஒரு ஆன்டெனா, நடுவில் ஒரு பெருக்கி. வெளியே வரும் சிக்னலைப் பிடித்து உள்ளே பெருக்கித் தரும். அது ரசத்தைச் சூடுபண்ணுவது மாதிரி. இருக்கிற ரசம்தான் சூடாகும், உப்பு கூடியிருந்தால் அந்த உப்பும் சேர்ந்தே சூடாகும். வெளியே சிக்னலே இல்லை என்றால் காலிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்த கதை. இன்னொன்று எங்கள் ஜன்னலில் இருப்பது. ஃபெம்டோசெல் என்பார்கள். அதற்கு வெளி டவரின் சிக்னல் தேவையே இல்லை. பெரிய ஹோட்டல்கள் ஓரிடத்தில் மொத்தமாகச் சமைத்து, கிளைகளுக்கு வேனில் அனுப்பி, அங்கே சுடச்சுடப் பரிமாறுவதில்லையா? செல் கம்பெனியின் மையக் கணினிகள்தான் சமையற்கூடம். தெருமுனை டவர் ஒரு கிளை. இந்தப் பெட்டி வீட்டுக்குள் திறந்த இன்னொரு கிளை. வேன் வரும் சாலை, நம் பிராட்பேண்ட். பெரிய டவர் 20, 40 வாட் என்று முழங்கும் இடத்தில் இந்தப் பெட்டி 100 மில்லிவாட்டைத் தாண்டாது. நாலு அறைக்கு அது போதும்.

இரவல் வாங்கிய பெட்டியாகவோ பழைய பெட்டியாகவோ இருந்தால், விளக்கைப் பார்ப்பதற்கு முன்பே அது எந்தத் தலைமுறை என்று பார்த்துவிடுங்கள். பிரிட்டனில் வோடஃபோன் 2009-ல் கொண்டுவந்து பிறகு 'ஷ்யூர் சிக்னல்' என்று பெயர் மாற்றிய பெட்டியும், அமெரிக்காவில் ஏடி அண்ட் டி கொடுத்த 'மைக்ரோசெல்' பெட்டியும் 3ஜி காலத்தவை. ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் 3ஜியை நிறுத்தியது, வெரைசான் அதே வருடக் கடைசியில். சமையற்கூடத்தையே மூடிய பிறகு கிளையில் என்ன பரிமாற முடியும்? அப்படிப்பட்ட பெட்டிகள் இன்னமும் பழைய சாமான் விற்கும் இடங்களில் தென்படுகின்றன. வாங்கி ஏமாறாதீர்கள்.

மூன்றாவது விளக்குக்கு வருகிறேன். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டரில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் நான்கையாவது இந்தப் பெட்டி கேட்டாக வேண்டும். எதற்கு? இரண்டு காரணம். ஒன்று, இடம். செல் கம்பெனிக்கு ஒவ்வொரு அலைவரிசையும் குறிப்பிட்ட பகுதிக்குத்தான் உரிமம். பெட்டி அந்தப் பகுதிக்குள் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வாய் திறக்க அனுமதி. இந்தப் பெட்டியைச் சென்னைக்கு எடுத்துப்போய் மாட்டலாமா என்று சிலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மாட்டலாம், அது பேசாமல் உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் 911-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் எந்த வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்கும் அந்த இடம் தேவை. வீடு மாறியதும் கம்பெனியின் பதிவில் முகவரியை மாற்றச் சொல்வது இதனால்தான். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது காரணம், நேரம். ஒரே உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒருவர் தாளம் இம்மி பிசகினாலும் உலக்கையோடு உலக்கை மோதும். வெளி டவரும் இந்தப் பெட்டியும் ஒரே வானில் உலக்கை போடுகின்றன. வீட்டுப் பெட்டியின் அலைவரிசை, கோடியில் 2.5 பங்குக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி. அந்தத் தாளத்தைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு சிறு படிகம். வெப்பம் ஏறி இறங்கினால் அதன் தாளமும் ஏறி இறங்கும். சில கருவிகளில் அந்தப் படிகத்தைச் சூடு மாறாமல் வைப்பதற்கென்றே குட்டி அடுப்பு ஒன்று இருக்கிறது. உவமைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அதற்கு 'அவன்' (oven) என்றுதான் பெயர். ஹீட்டர் காற்று நேராக வீசும் இடத்தில் பெட்டியை வைக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். படிகம் மெல்ல விலகும்போது ஜிபிஎஸ்ஸிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளும், சில பெட்டிகள் இணையத்தில் உள்ள நேர சர்வரிடமும் கேட்கும்.

பேஸ்மென்ட்டில் அந்த விளக்கு ஏன் மினுக்கியது என்று இப்போது தெரிந்திருக்கும். அவ்வளவு உயரத்திலிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது ஏதோ ஒரு நூலிழைதான் மிச்சம். கான்கிரீட்டும் மண்ணும் அதை விழுங்கிவிடும். போதாததற்கு, செயற்கைக்கோள் தன் விவரத்தை விநாடிக்கு 50 பிட் என்ற வேகத்தில், குட்டிக் கரண்டியால் பரிமாறுகிறது. ஒரு செயற்கைக்கோளின் இருப்பிட விவரம் முழுதாகக் கிடைக்க 30 விநாடி, எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் கிடைக்க 12.5 நிமிடம். நடுவில் மாப்பிள்ளை பிளக்கைப் பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. உலை கொதிக்கும் முன்பே மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது மாதிரிதான் அது. பெட்டியை மேலே கொண்டுவந்தோம். ஹால் ஜன்னலில் பலிக்கவில்லை. அது வெப்பம் வெளியே போகாமல் இருக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி. அந்தப் பூச்சு ரேடியோ அலையையும் தடுக்கும். சமையலறையில் இருப்பது பழைய சாதாரணக் கண்ணாடி. கறிவேப்பிலைத் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தி, நீளக் கேபிள் இழுத்து அங்கே வைத்தோம். அரை மணி நேரம் யாரும் தொடக் கூடாது என்றேன். இருபதாவது நிமிடம் மூன்றாவது விளக்கு நின்று எரிந்தது.

நான்காவது மினுக்கத் தொடங்கியது. ராத்திரி முழுக்க மினுக்கியது.

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானவர்கள் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பெட்டியும் சமையற்கூடமும் பேசிக்கொள்வது வேறு யாரும் திறந்து பார்க்கக் கூடாத பேச்சு. அதனால் ஒவ்வொரு பாக்கெட்டும் பூட்டுப் போட்ட டிபன் கேரியரில்தான் போகும், வரும். ஐபிசெக் என்று அந்தப் பூட்டுக்குப் பெயர். முதலில் 500-ஆம் எண் வாசலில் தட்டி, நீ யார், நான் யார் என்று அடையாளம் காட்டிச் சாவி மாற்றிக்கொள்ளும். நடுவில் ரவுட்டர் இருப்பது தெரிந்ததும் 4500-ஆம் வாசலுக்கு மாறிக்கொள்ளும். ரவுட்டர் நம் அடுக்ககத்து வாட்ச்மேன். எந்த ஃபிளாட்டிலிருந்து கேரியர் போயிற்று என்று நோட்டில் குறித்துவைத்து, திரும்பி வருவதை அதே ஃபிளாட்டுக்கு அனுப்புவார். கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுவார். அதற்காகவே பெட்டி 20 விநாடிக்கொரு முறை, ஒன்றும் இல்லாவிட்டாலும், சும்மா ஒரு காலி டப்பாவை அனுப்பி 'நான் இருக்கிறேன்' என்று நினைவூட்டும். வீட்டில் இரண்டு ரவுட்டர் ஒன்றன் பின் ஒன்றாக இருந்தால் இரண்டு வாட்ச்மேன், இரண்டு நோட்டு. தகராறுக்கு இடம் இரட்டிப்பு. முடிந்தால் ஒன்றை வெறும் மோடமாக மாற்றிவிடுங்கள்.

மறுநாள் காலை ஒரு சோதனை செய்தேன். யாரும் செய்யலாம், காசு செலவில்லை. மகளின் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து, வைஃபை காலிங் மூலம் அவள் அம்மாவின் போனுக்கு அடிக்கச் சொன்னேன். போயிற்று, பேச்சும் தெளிவாக இருந்தது. வைஃபை காலிங்கும் இதே பூட்டு, இதே 500, 4500 வாசல்கள்தான். பெட்டி செய்யும் வேலையைப் போனே செய்துகொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, வாசல் திறந்திருக்கிறது. சாலை இருக்கிறது. வாட்ச்மேன் சின்னக் கேரியர்களை விடுகிறார். அப்படியானால் பெரிய கேரியர்தான் எங்கோ மாட்டுகிறது.

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், அலைய வைக்கும் கோளாறுகளில் இதற்குத்தான் முதலிடம். வீட்டு இணையத்தில் ஒரு பாக்கெட்டின் உயரம் 1500 பைட்டைத் தாண்டக் கூடாது. வாசல் அவ்வளவுதான். டிஎஸ்எல் போன்ற சில இணைப்புகளில் பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு நுழைகிற முறையில் அதற்கே 8 பைட் போய், 1492-தான் மிச்சம். பூட்டு, மூடி, பிடி, துணிப்பை எல்லாம் கேரியரின் உயரத்தில் சேரும். பேச்சு பாக்கெட் சிறியது, அது பாட்டுக்குப் போகும். ஆனால் ஆரம்பத்தில் அடையாளம் காட்டும்போது பெட்டி தன் சான்றிதழை அனுப்ப வேண்டும். அது நீளமானது. 1500-க்குள் அடங்காது. அடங்காவிட்டால் என்ன செய்வோம்? அடுக்கைக் கழற்றி இரண்டு தடவையாக அனுப்புவோம். இங்கேதான் சிக்கல். ஃபிளாட் எண் எழுதிய சீட்டு முதல் அடுக்கில் மட்டும்தான் ஒட்டியிருக்கும். இரண்டாவது அடுக்கு சீட்டில்லாமல் வரும். கறாரான வாட்ச்மேன், 'இது யார் வீட்டுச் சாமான்?' என்று தூக்கிப் போட்டுவிடுவார். சான்றிதழ் பாதிதான் போய்ச் சேரும். சமையற்கூடம் காத்திருந்து காத்திருந்து கதவைச் சாத்தும். பெட்டி மறுபடி முதலிலிருந்து தட்டும். வெளியே நமக்குத் தெரிவதெல்லாம் மினுக்கும் நான்காவது விளக்கு.

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து ஃபயர்வால் பகுதிக்குப் போனோம். துண்டான பாக்கெட்டுகளைத் தடு என்ற வரிக்கு எதிரே டிக் இருந்தது. மாப்பிள்ளை அதை எடுத்துவிட்டு, முதலில் மோடம், அது நிலைத்ததும் ரவுட்டர், கடைசியில் பெட்டி என்று வரிசையாக ஆன் செய்தார். பதினைந்து நிமிடத்தில் நான்கும் நின்று எரிந்தன. இந்தத் தொல்லைக்காகவே 2014-ல் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. சாவி மாற்றும் பேச்சையே சிறு சிறு டப்பாவாக்கி, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி அனுப்பும் முறை. இரண்டு பக்கமும் அதை அறிந்திருந்தால்தான் பயன்.

அன்றைக்கு மதியம் பேஸ்மென்ட்டில்கூட மூன்று கோடு சிக்னல். மகளுக்கு அவ்வளவு சந்தோஷம். ராத்திரி ஒன்பது மணிக்கு, அதாவது நம் ஊரில் காலை ஏழரைக்கு, தஞ்சாவூரில் இருக்கும் தன் அத்தைக்கு அடித்தாள். இரண்டு நிமிடத்தில் மேலே ஏறி வந்தாள்.

"அப்பா, அத்தை பேசறது எனக்கு நல்லா கேக்குது. நான் பேசறதுதான் அங்க விட்டு விட்டுப் போகுதாம்."

கோளாறு தன் முகவரியைத் தானே சொல்லிவிட்டது. கீழே இறங்கும் வழி சரி, மேலே ஏறும் வழியில் அடைப்பு. கேபிள் இணைப்புகளில் இறங்கும் வழி ஆறு மாதிரி அகலமாகவும், ஏறும் வழி வாய்க்கால் மாதிரியும் இருப்பது சகஜம். பேச்சு அதிகம் கேட்பதில்லை. 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட், விநாடிக்கு 50. எல்லாப் பூட்டும் பையும் சேர்த்து ஒரு பேச்சுக்கு 100 கேபிபிஎஸ் ஒதுக்கினால் தாராளம். அதற்கும் இடமில்லாமல் போனது எப்படி?

சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பாருங்கள். அடியில் ஒரு சின்ன ஓட்டை. பெரிய அண்டாத் தண்ணீரை ஒருவர் கொட்டிவிட்டார். அது வடிந்துகொண்டிருக்கும்போது நீங்கள் ஒரு டம்ளர் கொட்டுகிறீர்கள். ஒரு டம்ளர்தான், ஆனால் அண்டா வடிந்த பிறகுதான் அது போகும். தொட்டி பெரிதாக இருப்பதே இங்கே தொல்லை. சின்னத் தொட்டி என்றால் வழிந்து, அண்டாக்காரர் உடனே நிறுத்தியிருப்பார். மோடங்களுக்குள் இருக்கும் தொட்டி அப்படிப் பெரிதாகச் செய்யப்பட்டது. 5 எம்பிபிஎஸ் ஏறும் வழியில் 256 கிலோபைட் தேங்கினால், அது வடிய 0.4 விநாடி ஆகும். பேச்சு இயல்பாக இருக்க, வாயிலிருந்து காதுக்குப் போகும் மொத்த நேரமே 150 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. தாமதமாக வரும் பாக்கெட்டை எதிர்முனை காத்திருந்து வாங்காது. ஆறிப்போன தோசை என்று ஒதுக்கிவிடும். அத்தைக்கு விட்டு விட்டுக் கேட்டது அதுதான்.

அண்டா யாருடையது? ஒன்பது மணிக்கு எல்லாரும் போனைச் சார்ஜில் போடுகிறார்கள். சார்ஜில் போட்டதும், பகலெல்லாம் எடுத்த பேரனின் வீடியோக்கள் இரண்டு போனிலிருந்தும் கிளவுடுக்கு ஏறுகின்றன. மாப்பிள்ளை ரவுட்டரில் இரண்டு மாற்றம் செய்தார். வெள்ளைப் பெட்டிக்கு முன்னுரிமை. ஏறும் வேகத்துக்கு உண்மையான வேகத்தில் தொண்ணூறு சதவீதம் என்று வரம்பு. இந்த வரம்புதான் சூட்சுமம். வரிசை மோடத்தின் தொட்டிக்குள் தேங்காமல் ரவுட்டரின் கைக்குள் நிற்கும், ரவுட்டர் டம்ளரை முன்னால் விடும். வேகச் சோதனையில் எண் கொஞ்சம் குறையும். குறையட்டும். பேச்சு நின்று நிதானமாகப் போகும்.

சில நடைமுறைகளையும் சொல்லிவிடுகிறேன். நான்கு விளக்கும் எரிந்தும் உங்கள் போன் பெட்டியைப் பிடிக்கவில்லை என்றால், போன் இன்னும் வெளி டவரின் மெல்லிய சிக்னலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு முறை ஏரோபிளேன் மோட் போட்டு எடுங்கள். சில பெட்டிகளில் பந்தியில் உட்கார முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். பழைய மைக்ரோசெல்லில் 10 எண்கள் வரை பதிய முடிந்தது, ஒரே நேரத்தில் பேச முடிந்தவர் நான்கு பேர். நான்கு அடுப்பும் எரியும்போது ஐந்தாவது பாத்திரம் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தப் பெட்டியில் இன்னொன்றும் இருந்தது: வீட்டுக்குள் தொடங்கிய பேச்சு வெளியே போனால் டவருக்கு மாறிக்கொண்டது, வெளியே தொடங்கியது உள்ளே வந்தால் பெட்டிக்கு மாறவில்லை. காரில் பேசிக்கொண்டே வந்து வாசல்படி ஏறியதும் அறுந்துபோனது பெட்டியின் கோளாறு அல்ல. இதைவிட முக்கியம், மின்சாரம் போனால் பெட்டியும் போகும், பிராட்பேண்டும் போகும். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் மோடம், ரவுட்டர், பெட்டி மூன்றுக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வைத்துவிடுங்கள். நான் மகள் வீட்டில் அதை வாங்கி வைத்த பிறகுதான் ஊருக்கு டிக்கெட் போட்டேன்.

நம் ஊரில் இந்தப் பெட்டிக்கு வேலையில்லை. வைஃபை காலிங் அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கின. போனின் செட்டிங்கில் திறந்துவிட்டால் போதும். அதில் பேச்சு அறுந்தாலும் மேலே சொன்ன வாட்ச்மேன், தொட்டி ஓட்டை எல்லாம் அப்படியே பொருந்தும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ரிப்பீட்டரை மட்டும் வாங்கி மாட்டிவிடாதீர்கள். உரிமமில்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். அக்கம்பக்கத்தில் எத்தனையோ வீட்டுப் பேச்சை அது கெடுக்கும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில் காப்பி போட சமையலறைக்குப் போனேன். மனைவி மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலைத் தொட்டியின் ஓரம் ஈரத்துணி கிடந்தது. வெள்ளைப் பெட்டி இரண்டு விரற்கடை இடம் மாறியிருந்தது.

"என்னங்க, தொடைக்கறதுக்காகக் கொஞ்சம் நகர்த்தினேன். மூணாவது மினுக்க ஆரம்பிச்சுது. அதான் மறுபடி கண்ணாடியோரமாத் தள்ளி வச்சிருக்கேன். இருபது நிமிஷம் தொடாதீங்க."